பதிவேட்டில் ஏறாத லென்ஸ்

ஒரு காலத்தில் முத்தால் உலகறிந்த தூத்துக்குடிக் கரையை இன்று விதிமுறையால் உலகறியச் செய்தது எங்கள் கல்லூரி. அலுவலகக் கண்காணிப்பாளன் என்ற முறையில் அதில் எனக்கும் பங்குண்டு.

ஜூலை மாதத் திங்கட்கிழமை, இயற்பியல் ஆசிரியை விஜிலா மூச்சிரைக்க வந்தார். மொட்டைமாடித் தொலைநோக்கி அறையின் சாவி வேண்டுமாம். விண்ணப்பத்தில் ‘லென்ஸ்’ என்றொரு சொல் இருந்தது. இருப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். அப்படியொரு லென்ஸ் இல்லை. உடனே முதல்வர் கிருபாநிதியிடம் அழைத்துப் போனேன்.

“ஏம்மா, ஸ்டாக்ல இல்லாத லென்ஸ எங்கன வச்சிருக்கீங்க?” என்றார் முதல்வர்.

“வானத்துல சார். தூரத்து நட்சத்திரத்துக்கு முன்னால இன்னொண்ணு குறுக்க வருது. அதோட ஈர்ப்பு வெளிச்சத்த வளைச்சு, பின்னால உள்ளதப் பிரகாசமாக் காட்டும். குறுக்க வாரதுக்குக் கிரகம் இருந்தா, வெளிச்சம் சில மணி நேரம் துள்ளும்.”

“சப்ளையர் யாரு?” என்றேன்.

“ஈர்ப்பு விசை, அண்ணாச்சி.”

“கொட்டேஷன் ஒண்ணுதானா?”

விஜிலா முதல்வர் பக்கம் திரும்பினார். “சார், வெள்ளிக்கிழமை ராத்திரிதான் உச்சம். பெரிய தொலைநோக்கி இருக்க சிலி நாட்டுல அப்ப பகல். வடக்க எல்லாம் மழைமேகம். நம்ம வானந்தான் தெளிவாக் கெடக்கு. வெளிநாட்டு ஆய்வுக்காரங்க நம்மள நம்பி இருக்காங்க.”

“அடுத்த மாசம் வச்சுக்கிடலாமே?”

“இந்த ரெண்டும் மறுபடி நேர்கோட்டுல வராது சார். ஒரே தடவைதான்.”

முதல்வர் நெகிழ்ந்துபோனார். “அப்பம் ரொம்பக் கவனமாச் செய்யணும். கமிட்டி போடுவோம்.”

கமிட்டி புதனன்று கூடியது. தேநீரோடு தின்னச் சொல்லியிருந்த மக்ரூன் இனிப்பு வரத் தாமதமானதால் வியாழனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்று, நட்சத்திரம் அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று நான்கு மணி நேரம் ஆழ்ந்து விவாதித்தார்கள். வெள்ளி மதியம் முடிவு வந்தது: ‘லென்ஸ் கல்லூரி எல்லைக்கு வெளியே உள்ளதால் ஆட்சேபணை இல்லை.’ கமிட்டியின் ஆறு பேருக்குப் பின் ஏழாவதாகக் கையெழுத்திட வேண்டிய முதல்வரோ பக்கத்து ஊரான நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு விஜிலா என் மேசை முன் நின்றார். “அண்ணாச்சி, சாவிய மட்டும் தாங்க. கையெழுத்துப் பொறவு வாங்கிக்கிடலாம்.”

அவர் கண் கலங்கியது. விதி கலங்கவில்லை. மேசையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சனி காலை பத்து மணிக்கு, முறையான உத்தரவுடன், சாவியை இரு கைகளாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வெளிநாட்டு ஆய்வறிக்கை வந்தது. ‘கிரகம் இருக்கலாம். உறுதிசெய்ய இயலவில்லை. முக்கியமான ஆறு மணி நேரம் யாரும் பார்க்கவில்லை.’ விஜிலா அதை என் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

கிரகங்களைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். ஒரு முழுக் கிரகத்தை, ஏழு பேர் கையெழுத்தோடு, தொலைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.