பதினாறு ஒன்பதும் பல் டாக்டர் மெத்தையும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் ஒன்பது நாளாக நலம். தங்கள் நலமும் மகள் நலமும் அறிய ஆவல்.

மோட்டார் தானாக நிற்க நான் எழுதிய புரோகிராம் பற்றி உங்கள் அத்தை போனில் சொன்னது பாதிதான். மீதியை நானே ஒப்புக்கொள்கிறேன். தொட்டியின் உயரம் ஒரு மீட்டர். தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பூஜ்யம் புள்ளி ஒன்று என்று கூட்டிக்கொண்டே வரும், கூட்டுத்தொகை ஒன்றுக்குச் சமமானதும் மோட்டார் நிற்க வேண்டும். சரிசமம் பார்க்காதீர்கள் மாமா, பக்கத்தில் வந்தால் போதும் என்று எழுதுங்கள் என்று அப்போதே சொன்னீர்கள். முப்பத்துநான்கு வருஷம் தராசும் எடைக்கல்லும் சோதித்து, குன்றிமணி குறைந்தாலும் பறிமுதல் செய்து, கடைக்காரர்களிடம் ‘மயிரிழை’ என்று பட்டம் வாங்கியவன் நான். ‘கிட்டத்தட்ட’ என்று என் கையால் எழுதுவேனா? பத்துத் தடவை கூட்டினால் ஒன்று வரும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. திரையில் பூஜ்யம் புள்ளி, பின்னால் வரிசையாகப் பதினாறு ஒன்பது. எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பிரித்தே வைக்கும் அதற்குப் பத்தில் ஒரு பங்கை முழுசாக எழுத வராது என்பது பிறகு நீங்கள் சொல்லித்தான் புரிந்தது. ஒன்று வரவில்லையே என்று மோட்டார் காத்திருக்கலாம், தண்ணீர் காத்திருக்குமா? கீழ் வீட்டுப் பல் டாக்டர் பால்கனியில் காயப்போட்டிருந்த புது மெத்தை மேல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இன்னொரு தடவை வழிந்தால் கம்ப்யூட்டர் பரணுக்குப் போகும் என்று உங்கள் அத்தை சொல்லிவிட்டாள். ஓய்வு பெற்றபின் காலையில் எழுந்திருக்க எனக்கு இருப்பது அது ஒன்றுதான், மாப்பிள்ளை; பயந்துபோனேன்.

ரவுண்டு பண்ணி ஒப்பிடுங்கள் என்றீர்கள். பண்ணினேன், முழு எண்ணுக்கு. பாதியைத் தாண்டியதுமே தொட்டி நிறைந்ததாக முடிவுகட்டி மோட்டார் நின்றுகொண்டது. மெத்தை உறையை அலசிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போன உங்கள் அத்தை, பாதியில் தண்ணீர் தீர்ந்து தலை நிறைய நுரையோடு வெளியே வந்தாள். அந்த ரவுண்டைத் தூக்கிவிட்டுப் பழையதையே போட்டேன். அப்புறம் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒன்றுக்கும் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் நிறுத்து என்று திருத்தி எழுதினேன். ஒன்பது நாளாக ஒரு சொட்டு வழியவில்லை. பல் டாக்டர் மாடிப்படியில் பார்த்தால் சிரிக்கிறார். நோட்டில் தினமும் ‘வெற்றி’ என்று எழுதிவருகிறேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

நீங்களும் மகளும் மயிரிழையும் குறையாத நிறைவோடு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: வெற்றி தந்த அந்தப் புரோகிராம் வரியைப் பார்த்து உங்களுக்கு எழுதலாம் என்று இப்போது கம்ப்யூட்டரைத் திறந்தேன். திருத்தியதைச் சேமித்திருக்கிறேன், ஓட விடவே இல்லை. ஒன்பது நாளும் ஓடியது மெத்தையை நனைத்த அதே பழையதுதான். அப்படியானால் மோட்டாரை நிறுத்தியது யார் என்று உங்கள் அத்தையிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “தொட்டி நிறையறப்போ குழாய்ல சத்தம் மாறும். போய் சுவிட்ச அமுக்கிட்டு வருவேன்.” என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னா கம்ப்யூட்டர பரண்ல ஏத்தணுமே. நான் வாய விட்டுட்டேன்ல.” நோட்டில் ஒன்பது ‘வெற்றி’க்கும் பக்கத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.