கை கழுவ வந்தவர்

ஜப்பான்காரர் காரிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குள் நுழைந்ததைப் பார்த்ததுமே டோக்கியோவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வேகத்தைப் பாத்தியா! சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நிக்கறார்," என்று சித்தப்பா அவள் முழங்கையை இடித்தார். "போ, போய்ப் பேசு."

டோக்கியோ என்பது வீட்டில் அவளுக்கு விழுந்த பட்டப்பெயர். பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியும் பண்பாடும் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்றே அண்ணன் வைத்துவிட்டான். அப்பாவுக்கு அந்தப் படிப்பே பிடிக்கவில்லை. "அதைப் படிச்சிட்டு எவன்கிட்டப் போய்ப் பேசப்போறே?" என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் கேட்பார். இந்தப் பருவத்தோடு வேறு பாடத்துக்கு மாறிவிட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான், சித்தப்பாவின் பித்தளைக் குழாய்ப் பட்டறையைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஒரு வியாபாரி வருவதாகத் தகவல் வந்தது.

"நீ வந்து பேசிக் குடும்மா. ஆர்டர் மட்டும் கிடைக்கட்டும், உங்கப்பாவை நான் பாத்துக்கறேன்," என்றார் சித்தப்பா.

தான் படிப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, புத்தகம் ஐந்தாம் பாடத்தைத் தாண்டவில்லை என்பதை அவரிடம் சொல்ல டோக்கியோவுக்கு மனசு வரவில்லை.

அவள் குனிந்து வணக்கம் சொன்னாள். வந்தவரும் குனிந்தார். குனிந்தபடியே மடமடவென்று ஏதோ சொன்னார். அதில் அவள் காதில் பிடிபட்டது கடைசி வார்த்தை ஒன்றுதான்: "ஒ-தெ-அராய்."

வகுப்பில் அந்தச் சொல் இன்னும் வரவில்லை. ஆனால் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியும். 'தெ' என்றால் கை. 'அராய்' என்றால் கழுவுவது. முன்னால் இருக்கும் 'ஒ' மரியாதைக்கு.

"கை கழுவணுமாம், சித்தப்பா!"

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "குழாய் வாங்க வந்த மனுஷன்! உக்காரக்கூடச் செய்யாம நேரா சரக்கைச் சோதிக்கறார் பாரு. இவர்தான் வியாபாரி!"

சோதனை மேடைக்கு அவரைக் கூட்டிப்போனார்கள். வரிசையாகப் பதினெட்டுக் குழாய்கள். சித்தப்பா கண்ணைக் காட்ட, ஃபோர்மேன் ஒவ்வொன்றாகத் திறந்தார். பட்டறை முழுக்கச் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம். வந்தவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"ரசிக்கறார்," என்றார் சித்தப்பா மெதுவாக.

வந்தவர் அவசரமாக ஒரு குழாயில் விரல் நுனியை நனைத்துவிட்டுத் திரும்பி, இன்னும் தாழ்ந்த குரலில், "ஒ-தெ-அராய்," என்றார்.

"மறுபடியும் கை கழுவணும்கறார்."

"கழுவினாரே! சோப்பு இல்லைன்னு சொல்றாரோ?"

சோப்பு வந்தது. துண்டு வந்தது. அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு, குழாயை விட்டு விலகி நின்று, தலையைப் பலமாக ஆட்டினார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

சித்தப்பா அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "கை கழுவறதுன்னா... நம்மளையா? வேண்டாம்னு நம்மளைக் கைகழுவிட்டுப் போகப்போறாரா?"

டோக்கியோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜப்பானில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள், சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள் என்று பேராசிரியை சொல்லியிருந்தாரே! "இருக்கும், சித்தப்பா."

"ஐயையோ! அவரை உக்கார வை. ஃபோர்மேன், டீ கொண்டா. ஜூஸ் கொண்டா. இருக்கறதையெல்லாம் கொண்டா!"

அலுவலக அறையில் வந்தவரை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார்கள். முழங்கால் இரண்டையும் ஒட்டிவைத்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு அடக்கம்," என்று வியந்த சித்தப்பா, தானும் முழங்காலைச் சேர்த்துக்கொண்டார். அதைப் பார்த்து ஃபோர்மேனும்.

டீ வந்தது. மரியாதைக்கு ஒரு மடக்கு குடித்தார். ஆரஞ்சு ஜூஸ் வந்தது. அவர் கையை விசிறிபோல் ஆட்டி, "சொத்தோ..." என்று இழுத்தார்.

"சொத்தா? சொத்து விவரம் கேக்கறாரா?"

"இல்ல, சித்தப்பா. 'கொஞ்சம்'னு அர்த்தம்." இது மூன்றாம் பாடத்திலேயே வந்துவிட்டது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

"கொஞ்சம் வேணுமா? அட, அதுக்கென்ன கூச்சம்!"

டம்ளர் நிரம்பியது. "சொத்தோ, சொத்தோ!" என்று அவர் கெஞ்ச, டம்ளர் மறுபடியும் நிரம்பியது. அவர் கண்களில் நீர் தளும்பியது.

டோக்கியோவுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. ஐந்தாம் பாடத்து ஆள், எல்லாம் தெரிந்தமாதிரி நடித்திருக்கக்கூடாதோ? உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் வாயைத் திறந்தபோது, வந்தவர் சடாரென்று எழுந்தார். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலை மேஜையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். நிமிரவே இல்லை.

"சித்தப்பா!" அவள் குரல் நடுங்கியது. "எவ்வளவு ஆழமா குனியறாங்களோ அவ்வளவு மரியாதைன்னு எங்க புத்தகத்துலயே இருக்கு. இதுக்கு மேல குனிய முடியாது!"

"அப்போ முடிஞ்சுது! ஆர்டர் நமக்குத்தான்!" சித்தப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஃபோர்மேன் குனிந்தார். கதவருகே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும், முதலாளியே செய்கிறாரே என்று குனிந்தார்கள்.

குனிந்த நிலையிலேயே சித்தப்பா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மானத்தைக் காப்பாத்திட்டேம்மா. இன்னிக்கே உங்கப்பாகிட்டப் பேசறேன். நீ இதையேதான் படிக்கறே, எத்தனை வருஷம் வேணும்னாலும் படி."

டோக்கியோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கார் டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு செல்போன். குனிந்து நிற்கும் முதுகுகளை ஒன்றும் புரியாமல் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன சார், அவரை இன்னும் விடலையா? ஏர்போர்ட்டுக்குப் போற வழியில அவசரமா பாத்ரூம் போகணும்னு இந்தப் போன்ல எழுதிக் காட்டினார், அதான் உங்க கேட் திறந்திருக்கவும் நிறுத்தினேன்!"