லைன்மேன் அண்ணன் எடுத்த லைன் கிளியர்

குமரி மாவட்டத்தில் பறவைகளைக் கம்பத்தின் எண்ணை வைத்து அடையாளம் சொல்லக்கூடிய ஒரே மனிதர் லைன்மேன் அண்ணன்தான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். மற்றவர்கள் வாலின் நீளம், அலகின் நிறம் என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவன் வீட்டுக்குப் போற லைன்லதான் இருப்பான், பெரிய லைனுக்குப் போகமாட்டான். குலசேகரம் ரோட்டுல முப்பத்தெட்டாம் நம்பர் கம்பத்துல இவனுக்க சொந்தக்காரன் ஒருத்தன் உண்டு" என்பார். அது கரிச்சான் என்று நாங்கள் புத்தகத்தில் கண்டுபிடித்தபோது, அது பறந்துபோய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அவரைச் சந்தித்தது போன மே மாதம், திற்பரப்புக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் பழைய பங்களாவில். இயற்கையை நேசிக்கும் பெரியவர்களுக்கான கோடை முகாம். பன்னிரண்டு பேர், மூன்று நாள், நிகழ்ச்சி நிரல் கிடையாது. நடக்கலாம், ஓடையில் காலை விட்டுக்கொண்டு உட்காரலாம், தூங்கலாம். ‘குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, குழந்தைகளாக வாருங்கள்’ என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்தே எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

எனக்கு ஐந்து வயதில் ஷாலு என்று ஒரு மகள். பிறந்தது முதல் அவளை விட்டு ஓர் இரவுகூட நான் வெளியே தங்கியதில்லை. என் கணவர் அஜின்தான் என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்தார். பள்ளியில் அறிவியல் நடத்திய காலத்தில் நான் மரத்தைக் கண்டால் நின்று அண்ணாந்து பார்ப்பேனாம். இப்போதும் அண்ணாந்து பார்க்கிறேனாம், ஆனால் ஷாலு தலையில் கொப்பு எதுவும் விழுமோ என்று. மூன்று நாள் பிள்ளையை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் நான்கு பக்கம் குறிப்பெழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். திராட்சையை நீளவாக்கில் நறுக்க வேண்டும் என்பது மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

கிளம்புகிற காலையில் ஷாலு இருமினாள். ஒரே ஒரு முறை. நாகர்கோவில் கோட்டாற்று வீட்டிலிருந்து அந்த இருமலையும் தூக்கிக்கொண்டுதான் நான் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எல்லோரும் தொப்பியும் தொலைநோக்கியுமாக வந்திருந்தார்கள். லைன்மேன் அண்ணன் காக்கிக் கால்சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் ஒரு கயிற்றுச் சுருள், கைப்பையில் ரப்பர் கையுறை என்று வந்து இறங்கினார். முகாமை நடத்தியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை, எங்கள் எல்லோருக்கும் பாட்டனி மிஸ். எதற்கு இதெல்லாம் என்று அவர் கேட்டார். "லீவு எடுத்துக்கிட்டு மூணு நாளு சும்மா இருங்கன்னு மஸ்கட்டுல இருந்து மகளுக்க ஆர்டர், மிஸ். சும்மா இருக்கதுக்கு என்னெல்லாம் வேணும்னு தெரியல்ல. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன்" என்றார். பெயர்ப் பட்டியலிலும் ‘லைன்மேன்’ என்றே எழுதினார். அவருடைய உண்மைப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

சும்மா இருப்பது அவருக்கு வரவே இல்லை. முதல் நாள் மாலை, அரை மணி நேரம் கண்ணை மூடி மரத்தடியில் படுத்துக் காட்டின் ஒலியைக் கேளுங்கள் என்றார் மிஸ். பன்னிரண்டு பேரும் படுத்தோம். காற்று, சீவிடுப் பூச்சி, தூரத்து அருவி. ஆறாவது நிமிடத்தில் ஒரு குரல்: "அந்தக் கொப்ப மழைக்கு முன்ன வெட்டிரணும்."

மிஸ் துடித்து எழுந்தார். அது அவருடைய தாத்தாவைவிட வயதான மரம். இங்கே மின்கம்பியே இல்லையே என்று கேட்டார். லைன்மேன் அண்ணன் யோசித்தார். "இப்ப இல்ல மிஸ். நாளைக்கு லைன் இழுத்தா?"

நான் மட்டும் அந்தக் கொப்பை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்து, கண்டதையும் மனதில் பட்டதையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். பலர் கவிதை எழுதினார்கள். லைன்மேன் அண்ணன் நோட்டில் இருந்தது: ‘காலை 6.10. கரிச்சான் ஒன்று. பழுது இல்லை. 6.25. மீன்கொத்தி ஒன்று. பழுது இல்லை. 6.40. காக்கா கூடு. கவனிக்கணும்.’

ஆனால் அவர் முகாமையே ஆட்டிவைத்தது லைன் கிளியரை வைத்துத்தான். கம்பத்தில் ஏறும் முன் துணைமின் நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டரிடம் சொல்லி, அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதுதான் லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி. வேலை முடிந்து இறங்கிய பிறகு, எடுத்த ஆளே அதைத் திருப்ப வேண்டும். அதுவரை மந்திரியே வந்து கேட்டாலும் ஆபரேட்டர் சுவிட்சைப் போடக் கூடாது. இந்த ஒழுங்கு கம்பத்துக்கு மட்டுமல்ல, உலகத்தின் எல்லாக் காரியங்களுக்கும் பொருந்தும் என்பது அவருடைய எண்ணம்.

இரண்டாம் நாள் காலை ஒரு பெரிய சக்கை, அதாவது பலா, பழுத்து விழுந்தது. வெட்டுகிற பொறுப்பை அவர் ஏற்றார். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், அவர் எல்.சி. திருப்புகிறவரை யாரும் கிட்டே வரக் கூடாது என்றார். வெட்டினார். பிறகு கையில் ஒட்டிய பிசினைத் தேங்காய் எண்ணெய் தடவிக் கழுவப் போனார். சுளைகள் மணக்க மணக்க, ஒரு வங்கி மேலாளரும் ஒரு பல் மருத்துவரும் உட்படப் பதினொரு பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டியபடி கால் மணி நேரம் நின்றோம். அவர் திரும்பி வந்து, "எல்.சி. ரிட்டன்" என்ற பிறகுதான் முதல் சுளைக்குக் கை போயிற்று.

அன்று மதியத்துக்குள் என்னால் முடியாமல் போய்விட்டது. அந்தத் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஷாலுவின் இருமல் என் மனதில் காய்ச்சலாகி, காய்ச்சல் நிமோனியாவாகி, அஜின் நான்காம் பக்கத்தை இன்னும் படிக்காமல் இருந்தார். காய்ச்சல் என்று தெரிந்தால் உடனே கிளம்பிவிடுவது என்று பையைக் கட்டி வைத்தேன். ஆனால் தெரிவது எப்படி? சிக்னல் வேண்டுமென்றால் ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கித் திற்பரப்புக்குப் போக வேண்டும். ஜீப் மறுநாள்தான் வரும்.

லைன்மேன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பங்களாவுக்குப் பின்னால் நின்ற அயனி மரத்தைப் பார்த்தார். "உயரத்துல சிக்னல் கிட்டும், டீச்சர். போனைத் தாங்க, நான் விசாரிச்சுச் சொல்லுகேன்." மிஸ்ஸிடம் முறைப்படி எல்.சி. வாங்கிக்கொண்டு, கயிற்றைப் போட்டு, நான் யோசித்து முடிப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டார்.

"ஹலோ, லைன்மேன் பேசுகேன்" என்று மேலிருந்து குரல் கேட்டது.

கோட்டாற்றில் எங்கள் வீட்டில் காலையிலிருந்து கரண்டு இல்லை என்பது எனக்குத் தெரியாது. புகார் கொடுத்துவிட்டு லைன்மேனுக்காகத்தான் அஜின் காத்திருந்தாராம். அந்த லைன்மேன் என் எண்ணிலிருந்து அழைத்தது ஆச்சரியமாக இருந்தாலும், காட்டிலிருந்தே நான் ஏற்பாடு செய்துவிட்டதாக எடுத்துக்கொண்டாராம். என்னைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் அப்படி.

"பிள்ளைக்கு இருமல் இருக்கான்னு கேளுங்கண்ணே" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"பக்கத்து வீட்டுல கரண்டு உண்டா?" என்று அவர் போனில் கேட்டார்.

"காய்ச்சல் அடிக்கான்னு கேளுங்க!"

"மீட்டர்ல லைட்டு எரியுதா? அப்ப உங்களுக்க ஃபியூஸ்தான் போயிருக்கு. பயப்படாண்டாம், நான் சொல்லித்தாறேன்."

அஜின் கம்ப்யூட்டரில் எதையும் பிரித்துப் பூட்டுவார், ஃபியூஸ் கட்டையைத் தொடமாட்டார். அவருக்குத் தைரியம் கொடுக்க, மெயினை அணைத்த பிறகு யாரும் போட்டுவிடாமல் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்று லைன்மேன் அண்ணன் கேட்டிருக்கிறார். வீட்டில் இருந்த இன்னொரு ஆள் ஷாலு.

"மக்கா, நீதான் ஆபரேட்டர். செருப்பு போட்டிருக்கியா? கைய பின்னால கட்டிக்கிட்டு, சுவிட்ச விட்டு ரெண்டு அடி தள்ளி நில்லு. மாமா எல்.சி. எடுத்திருக்கேன். மாமா திருப்பித் தராம மெயின யாரும் போடப்பிடாது. அப்பா சொன்னாலும் போடப்பிடாது, கேட்டியா?"

அரை மணி நேரம் பாடம் நடந்தது. நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேற்கே மேகம் கறுத்தது. "புதுக் கம்பி கட்டியாச்சா? கட்டைய சொருகியாச்சா? செரி, இப்ப... ஹலோ? ஹலோ?" என்றார். பிறகு இறங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"எல்லாம் செரியாச்சு டீச்சர். உங்களுக்க பிள்ள நல்ல ஆபரேட்டர்."

"இருமல்?"

மலர்ச்சி மெல்ல வடிந்தது. "கேக்க மறந்துட்டேன்" என்றார். அடுத்த நொடி அவர் முகம் மொத்தமாக வெளுத்தது. "எல்.சி. திருப்பல்லியே. லைன் கட்டாயிட்டு."

அவர் மறுபடியும் மரத்தைத் தொடும்போது மழை கொட்டத் தொடங்கியது. மிஸ் குறுக்கே நின்று ஏறவிடவில்லை. அஜின் மெயினைப் போட்டுக்கொள்வார் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஷாலுவிடம் அசையாமல் நில் என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போனால், திரும்பி வரும்போதும் தூக்கிய காலைக் கீழே வைத்திருக்கமாட்டாள். அப்பா சொன்னாலும் போடக் கூடாது என்றால், அந்த வீட்டில் இனி கரண்டு கிடையாது.

"நான் கீழ போய்த் திருப்பிட்டு வாறேன்" என்று அவர் துண்டைத் தலையில் கட்டினார். நான் என் பையை எடுத்துக்கொண்டேன். திற்பரப்பில் பஸ் கிடைக்கும்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் தண்ணீர் ஓடும் பாதையில் இரண்டு பேரும் இறங்கினோம். ஒரு சின்னப் பிள்ளையிடம் விளையாட்டுக்குச் சொன்னதற்காக யாராவது இப்படி நடப்பார்களா என்று கேட்டேன். அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ கல்யாண வீடு என்று அவசரப்படுத்தியதால், அவர் எடுத்த எல்.சி.யை வேறொருவர் திருப்பிவிட்டாராம். இவர் அப்போது கம்பத்தின் மேல் இருந்தார்.

"சின்னப் பிள்ளைட்ட எடுத்தாலும் எல்.சி. எல்.சி.தான், டீச்சர்" என்றார். பிறகு அதைத் தொடராமல், அந்தப் பாதையில் எத்தனை கம்பம் நட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வந்தார்.

திற்பரப்பில் ஒரு டீக்கடைக் கூரையின் கீழ் ஒதுங்கி நான் அழைத்தேன். முதல் மணியிலேயே அஜின் எடுத்தார். "ஷைனி, அந்த லைன்மேன் எங்க? ரெண்டு மணி நேரமா இவ ஸ்டூலைப் போட்டு நிக்கா. மெயின் பக்கம் என்னை விடல்ல. சாப்பாடும் அங்கன நின்னுதான் சாப்பிட்டா." ஸ்பீக்கரில் போட்டுப் போனை லைன்மேன் அண்ணனிடம் கொடுத்தேன்.

"ஆபரேட்டர் பேசுகேன்" என்றது என் மகளின் குரல்.

லைன்மேன் அண்ணன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். நனைந்த சட்டையை இழுத்துவிட்டு நேராக நின்றார். "லைன்மேன் பேசுகேன் மக்கா. ஆளுவ எல்லாரும் லைன விட்டு எறங்கியாச்சு. எல்.சி. ரிட்டன். சப்ளை போடலாம்."

"சரி. அப்பா, போடு."

டொக்கென்று ஒரு சத்தம். எங்கள் கூடத்து மின்விசிறியின் கிறீச்சும் கேட்டது. லைன்மேன் அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். காட்டில் படுத்திருந்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு அமைதியாக இருக்கவில்லை.

நான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "ஷாலு, அம்மா பேசுறேன். இருமல் இருக்கா? பயந்தியா? அம்மா இப்பவே வரட்டா?"

"அம்மா, நான் டியூட்டில இருக்கேன். நாளைக்கு வா" என்றாள்.

இருமலைப் பற்றி அஜினிடம் கேட்டேன். எந்த இருமல் என்றார்.

நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. நடத்துனர் என் பையைப் பார்த்தார், நான் பஸ்ஸைப் பார்த்தேன். லைன்மேன் அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் எதிரே இருந்த கம்பத்தில் நனைந்து உட்கார்ந்திருந்த பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போயிற்று. இரண்டு டீ சொன்னேன்.

மழை விட்டதும் திரும்பி ஏறினோம். பாதியில் என் பையை அவர் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவருடைய நோட்டில் எழுதியிருந்தது: ‘எல்.சி. திருப்பியாச்சு. மழை. கரிச்சான் ஒன்று. பழுது இல்லை.’ மறுநாள் நான் ஓடையில் காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஷாலுவை நினைத்தேன்தான். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் ஷாலுவை.

முகாமுக்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. திருவட்டார்ப் பக்கம் எங்கோ வேலை பார்க்கிறார் என்று மட்டும் தெரியும். எங்கள் தெருவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கோட்டாற்றில் கரண்டு போனால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் திட்டுவதில்லை. "மாமா மேல நிக்காரு" என்று ஷாலு சொல்வாள். வியர்வை வழிய, ஆளுக்கொரு விசிறியோடு, அவர் பத்திரமாக இறங்கட்டும் என்று மூன்று பேரும் காத்திருப்போம்.