கொலைகாரனை முன்னதாகவே ஒப்படைத்தது பற்றி

நெய்வேலி-18,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளை இளம்பரிதி அவர்களுக்கு, மாமா கண்ணையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கொல்லையில் முருங்கை நலம், உங்கள் அத்தையும் பார்வைக்கு நலமாகத்தான் தெரிகிறார். வாய்திறந்து சொன்னால்தானே உறுதியாக எழுத முடியும். நீங்களும் மகள் எழில்மதியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். முப்பது வருடம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்று கத்திப் பேசிய தொண்டை இது. நான் போனில் ரகசியம் பேசினால் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் பதில் சொல்வார்.

ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாதம்தான், அதற்குள் படிக்கிற பழக்கம் வரட்டும் என்று நீங்கள் அனுப்பிய நான்கு புத்தகங்களும் வந்து சேர்ந்தன. அபிப்பிராயம் கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தச் சுரங்க நாவல். எழுதியவர் அழகாக எழுதுகிறார், ஆனால் சுரங்கத்தைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கதாநாயகன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்குகிறான். நம் சுரங்கம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. சித்திரை வெயிலில் அவரை ஒரு ஷிப்ட் நிற்கச் சொல்லுங்கள், இருட்டுக்கு ஏங்கி இன்னொரு நாவல் எழுதுவார். இருந்தாலும் அவன் பெண்டாட்டி அழுத இடத்தில் எனக்கும் கண் கலங்கியது, அதை மறைப்பானேன். இரண்டாவது, உடல்நலப் புத்தகம். மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பிடக் கூடாதாம். செகண்ட் ஷிப்ட் பார்க்கிறவன் வீடு திரும்புவதே பத்தரைக்கு, அவன் என்ன மறுநாள் வரைக்கும் காத்திருப்பதா? மூன்றாவது, ஏரிகளின் வரலாறு. இதுதான் புத்தகம். எந்த ராஜா வெட்டினான் என்பதோடு நிறுத்தாமல், மண் சுமந்தது யார், கரை உடைந்தால் ஓடியது யார் என்று தேடிப் போயிருக்கிறார். மண் அள்ளுகிறவனை மதித்து எழுதியிருக்கிறார், அதனால் இரண்டு முறை படித்தேன்.

நான்காவது, அந்தக் கொலை நாவல். வினை அதில்தான் வந்தது. காலண்டரில் ராகுகாலம் தவிர எதுவும் படிக்காத உங்கள் அத்தை, நான் ஷிப்டுக்குப் போன நேரத்தில் அதை எடுத்துப் புரட்டியிருக்கிறார், அப்புறம் விடவில்லை. புத்தகம் ஒன்று, ஆள் இரண்டு. நான் வீட்டில் இருந்தால் நான், போனால் அவர் என்று முறை வைத்தோம். சத்தியமாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, அப்படிப் பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. சோறு போட்டுக்கொண்டே, "அந்த மாடி வூட்டுக்காரி மேலதாங்க எனக்கு சந்தேகம். சாவு வூட்ல பூ வச்சிகினு நிக்கறா பாருங்க" என்பார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவன், நடந்தது, பழுது, மிச்சம் எல்லாவற்றையும் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தெரிந்ததை மறைத்தால் அடுத்த ஷிப்ட்காரன் கை போகும். அந்தப் பழக்கம் லேசில் விடுமா? செவ்வாய்க்கிழமை செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது புத்தகத்துக்குள் ஒரு சீட்டு வைத்தேன்: "பக்கம் 190 முடிந்தது. கொலை செய்தவர் டாக்டர், ஒப்புக்கொண்டார். வேறு பழுது இல்லை. கண்ணையன்." நேரமும் போட்டேன்.

மறுநாள் காலை அந்தச் சீட்டு என் டிபன் பாக்ஸ் மேல் இருந்தது. "நான் என்னங்க, உங்க செகண்ட் ஷிப்ட் ஆளா? கொழம்பு அடிபுடிக்கறது கூடத் தெரியாம படிச்சிகினு இருந்தேன். இனிமே அந்த புத்தகத்தத் தொட மாட்டேன்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. இன்றோடு நாலு நாள். நானும் அதைத் திறக்கவில்லை. என்னோடு பெல்ட்டில் நிற்கும் கலியனிடம் சொன்னால், "வூட்ல போயா அண்ணே ரிப்போர்ட் குடுப்பாங்க?" என்று சிரிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மாப்பிள்ளை. எட்டு மாதம் கழித்து நாள் முழுக்க இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவங்க இப்படியே இருந்தா நான் யார்கிட்ட பேசறது? பயமா இருக்கு. அதனால் ஓர் உதவி. அத்தைக்குப் போன் போட்டு, கொலை செய்தது டாக்டர் இல்லை, மாமா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒரே ஒரு பொய் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.

எழிலுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா கண்ணையன்

பி.கு.: அத்தை தனம் எழுதறேன். மாமா ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார், லெட்டர் மேசை மேல கெடந்தது, படிச்சிட்டேன். அவர் வர்றதுக்குள்ள இத எழுதி கவர ஒட்டி வச்சிடுவேன். நீங்க பொய் சொல்ல வேணாம் மாப்பிள்ளை. டாக்டர் நெசமாவே கொலை பண்ணல. வேற ஆளைக் காப்பாத்த பழிய ஏத்துக்கினார். அதோட கதை முடிஞ்சுதுன்னு மாமா மூடி வச்சிட்டார், பின்னாடி இன்னும் முப்பத்தாறு பக்கம் இருக்குது. கோவம் தாங்காம அன்னிக்கே எடுத்துப் பாத்தேன், படிச்சும் முடிச்சிட்டேன். இப்ப அவர்கிட்ட வாயத் தொறந்தா யாருன்னு ஒளறிடுவேன், அதான் பேசாம இருக்கேன். இந்த மனுஷன் புத்தகத்தத் தொடவே மாட்டேங்கறார். மிச்சத்தப் படிங்க மாமான்னு நீங்க போன் போட்டு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க, என்னால இனி ஒரு நாள் கூட முடியாது.