நாலாம் பந்திக்கு மைனஸ் போட்ட பலகை

சிரஞ்சீவி சாய்ராமுக்கு, திருத்தணி சமையல் பத்ரிநாராயணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. மலைமேல் இருப்பவன் தயவில் இங்கே எல்லோரும் சௌக்கியம். சென்னையில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இதெல்லாம் வழக்கத்துக்காக எழுதியது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். போனில் சொன்னால் சத்தத்தைக் குறைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். விஷயம் இதுதான். உனக்கும் என் பெண் ஸ்னேகாவுக்கும் ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்தோமே, அதை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். காரணம், நீ செய்து கொடுத்த பந்திப் பலகை.

சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுகொண்டு, இவர் எப்போது மோருக்கு வருவார் என்று இலையையே முறைப்பது நம் ஊர் மண்டபங்களில் நடப்பதுதான். அதை ஒழிக்கிறேன் மாமா, சமையல்கட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் எத்தனையாவது பந்தி என்று ஒளிரும், மணி அடிக்கும், பொத்தானுக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிப் பலகை அதையே காட்டும் என்று நீயாகத்தான் வந்தாய். நான் கேட்டேனா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீயும் ஸ்னேகாவும் போனில் குசுகுசுவென்று பேசினீர்கள். கல்யாணம் நிச்சயமாகப் போகிற பிள்ளைகள், ஏதோ ஆசையாய்ப் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் மரியாதையாய்க் கொல்லைப்பக்கம் போனேன். பிறகுதான் தெரிந்தது, பேசினதெல்லாம் பிட்டு, பைட்டு. பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தபோது ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கினாய். மூன்று வந்ததும் உன் வருங்கால மாமியார் ஜம்பகம் காபியோடு வந்தாள். அத்தோடு சோதனை முடிந்தது. உன் படிப்புக்கு மூன்றுக்கு மேல் ஒரு எண் இருப்பதே தெரியாது போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நான் சமையலுக்குப் போன ஒரு கல்யாணத்தில் முகூர்த்தம். மூன்று பந்தி தேர் மாதிரி ஓடியது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஆர்.கே.பேட்டையிலிருந்து வேன் நிறைய ஜனத்தோடு வந்து நாலாம் பந்தியில் உட்கார்ந்தார். என் கையாள் ஆறுமுகம் பொத்தானை அமுக்கினான். அமுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "சாமி, நானூத்தி சொச்சம் கோடியாவது பந்தின்னு காட்டுது. சாம்பார் பத்துமா?" என்றான். குட்டிப் பலகையைப் பார்த்தேன். 4294967292. பூலோகமே சாப்பிட வந்துவிட்டதா என்று வாசலுக்கு ஓடினால், அங்கே பெரிய பலகையில், சிவப்பு எழுத்தில், ஊருக்கே தெரிகிற மாதிரி 'பந்தி −4'. மைனஸ் பந்தி என்றால் என்னப்பா, சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுக்கிற பந்தியா? பெரியப்பா தம் ஜனத்தோடு இலையைவிட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். "இன்னாங்க இது, மூணு பந்தி ஒழுங்கா போட்டுகினு வந்தீங்க, எங்க ஜனம் உட்காந்ததும் மைனஸா?" என்றார். நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பரிமாறிய இலை வீணாகிறதே என்று உள்ளே பெண் வீட்டாரை உட்காரவைத்துவிட்டார்கள். ஆறுமுகம் பழக்கதோஷத்தில் மறுபடி அமுக்கினான். −3. பெரியப்பா அதைப் படித்துவிட்டு நிதானமாய்ச் சொன்னார்: "ஆங், அவங்களுக்கு மூணு மைனஸு, நமக்கு நாலு. அப்ப அவங்க ஒசத்தி, அப்படித்தானே? வண்டிய எடுங்கடா." இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்துபோனது என் சமையலில் அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. கடைசியில், எட்டாம் பந்தியாய் நாங்கள் சமையல்காரர்கள் உட்கார்ந்தபோது பலகை பூஜ்யம் காட்டியது. அண்டாவிலும் அதுதான் இருந்தது. உன் யந்திரம் அன்று சொன்ன ஒரே உண்மை.

உனக்குப் போன் போட்டால் நீ பாடம் எடுத்தாய். ஏழு பந்திக்கு மேல் போகாது என்று பந்தி எண்ணுக்கு மூன்றே மூன்று பிட்டு ஒதுக்கினாயாம். 'குறி இல்லாத எண்' என்று ஒரு வார்த்தை எழுத மறந்தாயாம். அதனால் நாலு வந்ததும் ஒன்றாக மாறுகிற முதல் பிட்டை யந்திரம் மைனஸ் குறி என்று எடுத்துக்கொண்டதாம். அதே −4 குறியே இல்லாத குட்டிப் பலகைக்குப் போனபோது கோடிகளாய் மாறிவிட்டதாம். மிளகாய்க் காம்பை மிச்சம் பிடிக்கிறவனைப் பார்த்திருக்கிறேன், பிட்டை மிச்சம் பிடிக்கிற மட்டியை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்கும் மேலே, "உள்ள இருக்கற பிட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா, படிக்கற விதம்தான் தப்பு" என்றாய். வேன் ஏறிப்போனவரிடம் போய் இதைச் சொல்லேன், மட்டி. சாப்பிட வந்தவர்களை மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாத மட்டிக்கு என் பெண்ணை எப்படிக் கொடுப்பேன்? ஆகவே ஆவணி நிச்சயதார்த்தம் இல்லை. பலகையைப் பார்சலில் அனுப்புகிறேன். உன் அம்மா அப்பாவுக்கு என் நமஸ்காரம். நீ தீர்க்காயுசாய், எங்கள் வீட்டுக்கு எட்டாத தூரத்தில் இருப்பாயாக.

இப்படிக்கு,
பத்ரிநாராயணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஸ்னேகா வேலை முடிந்து மின்ரயிலில் வந்து இறங்கினாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அப்பா, பலகைக்குள்ள ஓடற அந்தப் பிட்டு வரியை எழுதினது நான். பெட்டியும் வயரும்தான் அவர் வேலை. நீங்க என்னைத் திட்டுவேள்னு தானே செஞ்சதா சொல்லிண்டார்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைக்கிறேன். பெற்றவனிடம் திட்டு விழாமல் அவளைக் காப்பாற்ற, போனில் என்னிடம் அத்தனை திட்டும் வாங்கிக்கொண்டு பழியை நீயே ஏற்றிருக்கிறாய். இவளுக்கு இப்படி ஒருத்தன் வேண்டும் என்றுதான் நான் மலைப்படி ஏறிக்கொண்டிருந்தேன். திருப்பி எழுதக் கையில் தெம்பில்லை. நீ சொன்ன மாதிரி, எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, படிக்கிற விதத்தை மட்டும் மாற்றிக்கொள். மட்டி என்று வரும் இடத்திலெல்லாம் மாப்பிள்ளை என்று படி. பார்சல் வராது, ஆவணியில் நீ வா. அன்றைக்கு மூன்று பந்திக்கு மேல் ஆள் கூப்பிட வேண்டாம் என்று ஜம்பகம் சொல்கிறாள்.