காலி செய்து கொடுத்த மேகம்

எடுத்த வேலையை முழுசாக முடிக்கத் தெரியாதவன் என்று என்மேல் ஊரெல்லாம் ஒரு புகார் உண்டு. கோழிக்கூடு கட்டப் போய்க் கதவை மட்டும் செய்து வைத்திருக்கிறேன். கூடு இன்னும் வரவில்லை. (கோழி அந்தக் கதவு மேலயே ஏறி உக்காந்துக்குது. அதுக்கு ஒரு வருத்தமும் இல்ல.) ஆனால் ஒரே ஒரு வேலையை மட்டும் துளி மிச்சம் வைக்காமல், துடைத்து எடுத்த மாதிரி முடித்தேன். அதற்கு நான் வாங்கிய பரிசு இன்றைக்கும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நாலாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. ஆனாலும் போன் வாங்கிய நாளிலிருந்து நான் பெரிய மேதாவி. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் திரை மாறிவிடும் என்பதால் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன்: என்ன கேட்டாலும் நீலப் பொத்தானை அமுக்கு.

அப்படித்தான் ஒரு நாள் போன் "இடம் இல்லை" என்று அழுதது. நீலம். கிளவுடில் கூடுதல் இடம் தரட்டுமா என்றது. நீலம். ரகசிய எண்ணைக் கேட்டது. மரியாதையாகக் கேட்டதால் அதையும் கொடுத்தேன். அன்றோடு அதை மறந்தும் போனேன்.

பேங்க் மறக்கவில்லை. காசு போனால் வருகிற மெசேஜ் என் மனைவி சகாயத்தின் போனுக்குத்தான் வரும். (அந்த ஏற்பாடு யார் செஞ்சதுன்னு கேக்காதீங்க.) கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், கூடையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"மாசம் பொறந்தா டான்னு ஒரே எடத்துக்குக் காசு போகுதே, யாரு அவ?"

"அவளும் இல்ல இவளும் இல்ல சகாயம். அது கிளவுடு. நம்ம போட்டோவெல்லாம் மேகத்துல வச்சிருக்கு. அதுக்கு வாடகை."

அவள் திரும்பி வெளியே பார்த்தாள். மேகம் எங்கள் துணிக்கொடியில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தது.

"அந்தா நிக்குதே, மூணு நாளா துணியக் காயவிடாம? அதுக்கா வாடகை? அதுதான் நமக்குத் தரணும். இன்னைக்கே நிறுத்துங்க."

"சரி."

"ஆனா ஜெனி போட்டோவுக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் நீங்க ஜீப்லயேதான் படுத்துக்கணும்."

ஜெனி போட்டோ என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இயேசு படத்துக்குக் கீழே அந்த வீட்டுப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி. எங்கள் ஒரே மகள் ஜெனி அந்த மே மாதம்தான் புதுநன்மை வாங்கியிருந்தாள். குமுளி ஸ்டூடியோக்காரரை வரச்சொல்லலாம் என்றாள் சகாயம். நான்தான் மறித்தேன்.

"அவரு கேமராவுக்கு ஒத்தக் கண்ணு. நம்ம போனுக்கு மூணு கண்ணு. எது ஒசத்தி?"

நம்பினாள், பாவம். படம் வருவதற்கு முன்னாலேயே சுவரில் ஆணியும் அடித்துவிட்டாள்.

அன்றைக்கு நான் சர்ச்சில் போட்ட ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் ஓடினேன், மண்டி போட்டேன், பெஞ்சில் ஏறினேன். நற்கருணை கொடுக்கிற நேரத்தில் ஃபாதருக்கும் பிள்ளைக்கும் நடுவே போனை நீட்டினேன். அவர் குனிந்து என் காதில், "சூசை, நன்மை உனக்கா, பிள்ளைக்கா?" என்றார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆயிரம் படம் எடுக்கிறவனுக்கு ஆயிரம் இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாடகையை எப்படி நிறுத்துவது என்று மொபைல் கடைச் சேட்டனிடம் போய்க் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கேன்சல்னு ஒரு எடம் இருக்கும் அண்ணா. அதை அமுக்கினா மதி. வேற ஒண்ணும் தொட வேண்டாம்."

மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். எனக்குத்தான் போதவில்லை. வெறுமனே ஒரு அமுக்கு அமுக்கினால் எந்த வீட்டுக்காரன் விடுவான்? எஸ்டேட்டில் பிறந்தவன் மூளை இப்படித்தான் ஓடும். எங்களுக்கு லயத்து வீடு சொந்தமில்லை. வேலையை விட்டு நின்றால் வீட்டைக் காலி செய்து, கூட்டிப் பெருக்கி, சாவியை ஒப்படைக்க வேண்டும். ஆபீஸிலிருந்து ஆள் வந்து குழாய் இருக்கிறதா, கதவுக் கொண்டி இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கணக்கு முடியும்.

அந்த வாரம்தான் ஃபேக்டரி அந்தோணி அண்ணன் ரிட்டயர் ஆகி, அவர் சாமான்களை என் ஜீப்பில் ஏற்றி இறக்கியிருந்தேன். வழி நெடுக அவர் ஒரே புலம்பல்.

"பொறவாசல்ல ஒரு ஒடஞ்ச அம்மிக்கல்லுடா சூசை. ஆபீஸ் ஆளு அதப் பாத்துட்டு, 'இன்னும் காலியாகலையே'ன்னு திரும்பிப் போயிட்டான். கல்லத் தூக்குனப்புறம்தான் கையெழுத்துப் போட்டான்."

எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. மேகத்தில் ஒரே ஒரு படம் கிடந்தாலும் போச்சு. "இன்னும் காலியாகலையே" என்று சொல்லி வாடகையைப் பிடித்துக்கொண்டே இருப்பான். படங்களுக்கு என்ன, அவைதான் போனிலும் இருக்கின்றனவே! அது சொந்த வீடு, இது வாடகை வீடு. வாடகை வீட்டைக் காலி செய்தால் சொந்த வீடா இடியப் போகிறது?

(இடியும். ரெண்டுக்கும் ஒரே சொவருன்னு எவன் சொன்னான் எனக்கு?)

ஆட்களைத் தேயிலைக் காட்டில் இறக்கிவிட்டு, ஜீப்பை ஓரம் கட்டி வேலையை ஆரம்பித்தேன். எல்லாப் படத்துக்கும் டிக் போட்டேன். நீக்கு என்றேன். போன் பதறிப்போய் ஏதோ நீளமாக எழுதிக் காட்டியது. போனிலிருந்தும் போய்விடும் என்றுதான் அதில் இருந்ததாம். பிறகு ஜெனி படித்துச் சொன்னாள். நான் படித்தது பொத்தானின் நிறத்தை மட்டும்.

அதோடு விட்டேனா? உள்ளே குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்தது. போட்டதெல்லாம் அதில் பத்திரமாகக் கிடந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுக் குப்பையை விட்டுப் போகிற பரம்பரையா நான்? அதையும் வழித்துக் கொட்டினேன்.

சாவியை எங்கே கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. தேடித் தேடி, கருத்துச் சொல்லும் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தேன். எழுத வராது என்பதால் மைக்கை அமுக்கிச் சத்தமாகப் பேசினேன்: "ஐயா, வீடு காலி. கூட்டிப் பெருக்கியாச்சு. வெள்ளை மட்டும் அடிக்கல. ஆள் அனுப்பிப் பாத்துட்டுக் கணக்க முடிங்க. இப்படிக்கு சூசை, ஜீப் டிரைவர்."

உடனே பதில் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி." ஆகா, என்ன மரியாதை! எங்கள் எஸ்டேட் ஆபீஸில் இப்படி ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

சாயங்காலம் சகாயம் நல்ல மனநிலையில் இருந்தாள். சுக்குக் காப்பிகூடத் தானாக வந்தது.

"நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க. நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் குமுளிக்குப் போய்ச் சட்டம் போட்டுருவோம்."

போனைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு படம். மத்தியானம் கைபட்டு எடுத்த என் இடது கால்.

"என்னங்க, என்னத்தத் தேடுறீங்க?"

"நெட்டு இல்ல போல."

"நெட்டு வந்தா கால் மறைஞ்சு பிள்ளை வருமா?"

ஜெனி போனை வாங்கினாள். இங்கே தட்டினாள், அங்கே தட்டினாள். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள். "அப்பா, குப்பைத்தொட்டியக்கூடவா கழுவுனீங்க?"

சகாயம் கத்துவாள் என்று எதிர்பார்த்துக் காதை ரெடியாக வைத்திருந்தேன். அவளோ எழுந்து போய் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே ஜீப்பில் போய்ப் படுத்தேன்.

மறுபடி ஒரு தடவை ஜோடித்து எடுத்துவிடலாம் என்று காலையில் ஒரு யோசனை சொன்னேன். கவுன் ஆனக்கரைச் சித்தி மகளுக்குப் போய்விட்டது. ஜெனிக்கோ நடுவில் இரண்டு பல் விழுந்திருந்தது. "ஒருக்கா வாங்குனதுதான் புதுநன்மை. மறுபடி வாங்குனா அது நடிப்பு" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆனால் புதுநன்மை அன்றைக்குக் கோயிலில் எத்தனை போன் இருந்தது! ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கையேந்தினேன். முதலில் பக்கத்து வீட்டு சலேத் அக்கா.

"இருக்கே, நல்லாத்தான் எடுத்தேன்" என்று திறந்தவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். படத்தில் ஒரு முதுகு. என் முதுகு. வியர்வையில் ஒட்டிய நீலச் சட்டை, தூக்கிய இரண்டு கை.

"அடுத்தது பாருங்கக்கா" என்றாள் சகாயம்.

அடுத்ததில் நான் குனிந்திருந்தேன். எந்தப் பக்கம் கேமராவுக்குத் தெரிந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

அந்தோணி அண்ணன் போனில் என் பிடரி. பாட்டுக் குழுப் பெண் எடுத்த வீடியோ முழுக்க என் முழங்கை. ஃபாதரும் தன் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நான் அன்னைக்கே கேட்டேன்ல சூசை, நன்மை உனக்கா பிள்ளைக்கான்னு? பாரு, உனக்குத்தான்."

முதலில் சிரித்தது சகாயம். நேற்று அழுத கண்ணோடு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கோயில் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் யாரை அடக்க முடியும்?

அன்றைக்கே குமுளிக்குப் போனோம். இருந்ததிலேயே நல்லது சலேத் அக்கா எடுத்ததுதான். அதைப் பெரிதாக்கி, தங்க நிறச் சட்டம் போட்டு, சகாயம் அந்த ஆணியில் மாட்டினாள். இயேசு படத்துக்குக் கீழே நான், பின்பக்கமாக. என் இடுப்போரத்தில் கொஞ்சம் வெள்ளைத் துணியும் ஒரு மெழுகுவர்த்திச் சுடரும். புதிதாக வருகிறவர்கள் முழித்தால் ஜெனி விளக்குவாள்: "நடுவுல நிக்கிறது அப்பா. ஓரத்துல எரியிறது நான்."

அடுத்த மாதம் பிறந்ததும் சகாயத்தின் போன் டான் என்று ஒலித்தது. காசு போயிருந்தது. ஊர்ச் சாமானையெல்லாம் காலி செய்தவன், கேன்சல் பொத்தானை மட்டும் அமுக்கியிருக்கவில்லை. உடனே அமுக்கப் போனேன். அவள் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும். இந்தப் படம் மட்டும் தொலையவே கூடாது. மேகத்துல ஒண்ணு போட்டு வைங்க."

அவ்வளவு பெரிய வாடகை வீட்டில் கொஞ்ச நாள் என் முதுகு மட்டும் தனியாகக் குடியிருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் எந்தக் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினால், கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "ஏய், சூசை உக்காந்துட்டானா பாருங்கப்பா!" உடும்பஞ்சோலையில், என்னை யாரென்றே தெரியாத ஒரு கல்யாணத்தில்கூட இந்தக் குரலைக் கேட்டேன். அங்கே சூசை என்று யாருமே இல்லையாம். போட்டோவுக்கு முன்னால் அப்படிச் சொல்வது வழக்கமாம்.

நான் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டேன்.