பதினொராம் நாள் காய்ச்சல்

ஸ்பிரிங்வேல் சந்தையில் வாங்கிய பாரை மீனைக் குசினித் தொட்டிக்குள் வைத்துவிட்டு, அருமைநாதன் கதிரையில் இருந்தபடி ஒரு காலுறையைக் கழற்றினார்.

"பாமா, வாற சனிக்கு அடுத்த சனி யப்பான்காரன் வந்து பெடியனைப் பார்க்கப்போறானாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், கண்பட்டிடும்."

மற்றக் காலுறையை அவர் கழற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை, அவர் உயிர் போய்ப் பதினொராம் நாளாக வந்து சேர்ந்தது.

மகன் நவீன்ராஜ் பேஸ்போல் ஆடுகிறவன். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு. ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் பெரும்பகுதி வேலிக்குப் பின்னால் உள்ள வாங்கில் குந்தியிருப்பதுதான் அவன் வேலை. முதலில் எறிகிறவனுடைய கை களைத்து, ஆட்டம் கைவிட்டுப் போகிற கட்டத்தில்தான் இவனை இறக்குவார்கள். பதினைந்து இருபது பந்து, அவ்வளவுதான். ரிலீஃப் பிட்சர் என்று பெயர். இது என்ன உத்தியோகம் என்று தாய் சத்தியபாமாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆட்டத்துக்குப் போவது, வந்து விளங்கப்படுத்துவது எல்லாம் அருமைநாதனின் பொறுப்பாக இருந்தது. அவளுக்கு விளங்கியது ஒன்றுதான்: பெடியனுக்கு இருபத்தொன்பது வயது. யப்பானில் உள்ள கழகம் எடுத்தால் இந்த வருடம் எடுக்கவேண்டும். பார்க்க வருகிறவன் இன்னொருமுறை வரமாட்டான்.

கொள்ளி வைத்த பிள்ளை முப்பத்தொராம் நாள் முடியுமுன் மைதானத்தில் நின்று பந்தெறிவதா என்று நவீன் தயங்கினான். அவனுக்குப் பயம் ஊரை நினைத்து அல்ல, மாமியை நினைத்து. அருமைநாதனின் அக்கா யோகராணி, தகப்பன் செத்த இருபதாம் நாள் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் தின்ற மனிதனோடு நாலு வருடம் முகங்கொடுத்துக் கதைக்காதவள்.

"மாமி ஒரு மெசேஜ் போட்டாலும் நான் திரும்பி வந்திடுவன் அம்மா" என்றான்.

"மாமியை நான் பார்க்கிறன். நீ போ."

ஐந்து மணி ஆட்டத்துக்கு அவன் மூன்று மணிக்கே போனான். தேவாரம் படிக்க ஏழு மணிக்குத்தான் சனம் வரும். ஆனால் ஐந்து மணிக்கே கிளென் வேவர்லி வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. யோகராணியும், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலைசெய்யும் மகள் வினுஷாவும் இறங்கினார்கள். கடைசியாக, காரோட்டுவதற்கென்றே பிறந்தவர் போல வாய் திறவாத புருசன் ஈஸ்வரமூர்த்தி.

யோகராணி செருப்பைக் கழற்றுமுன்னரே கேட்டாள். "நவீன் எங்கை?"

"உள்ளுக்குப் படுத்திருக்கிறான் மச்சாள். கொஞ்சம் காய்ச்சல்."

யோகராணியின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. "காய்ச்சலோ? இண்டைக்கோ? ஏன் எனக்குக் காலமையே சொல்லேல்லை?"

தேவாரத்துக்குப் பிள்ளை இருக்கமாட்டானே என்ற கோபம் என்று சத்தியபாமா நினைத்தாள். மேற்கொண்டு எதுவும் சொல்லுமுன் யோகராணி குசினிக்குள் போய்க் கொத்தமல்லியும் சுக்கும் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டாள். குடித்தால் அரைமணித்தியாலத்தில் எழும்பிவிடுவானாம். இன்றைக்கு அவன் படுத்திருக்கவே ஏலாதாம்.

கோப்பையோடு அவள் அறைப்பக்கம் திரும்பியபோது சத்தியபாமா குறுக்கே வந்தாள். தொற்றுக் காய்ச்சல் போல இருக்கிறது, கிட்டப் போகவேண்டாம் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவள் தாதி. சோதிக்கிற பெட்டி காரில் இருக்கிறது, மூக்குக்குள் ஒருக்கால் விட்டு எடுத்தால் தெரிந்துவிடும் என்று வினுஷா எழும்பிப் போனாள்.

அவள் திரும்பி வர ஒரு நிமிடம். சத்தியபாமா அறைக்குள் ஓடினாள். கட்டிலில் ஒரு சுருக்கமும் இல்லை. அறையோடு ஒட்டிய குளியலறைக்குள் புகுந்து ஷவரைத் திறந்துவிட்டு, கதவின் உள்பக்கக் குமிழை அமுக்கி, வெளியே வந்து இழுத்துச் சாத்தினாள். பூட்டிக்கொண்டது.

"குளிக்கிறான்" என்றாள், மூச்சு வாங்க.

"காய்ச்சலோடையோ?" யோகராணி கோப்பையை மேசையில் குத்தி வைத்தாள். "பச்சைத்தண்ணி பட்டால் தோள் இறுகிப்போகுமெல்லோ! ஆர் விட்டது?"

காய்ச்சல்காரனின் தோளைப் பற்றி இவளுக்கென்ன கவலை என்று யோசிக்க சத்தியபாமாவுக்கு நேரமில்லை. சுவர் மணிக்கூட்டில் ஐந்தரை. அவனை இறக்கியிருப்பார்களா, இல்லையா? கேட்டுச் சொல்ல இருந்த ஒரே ஒருவரும் இப்போது படச் சட்டத்துக்குள் மாலையோடு இருந்தார்.

ஆறு மணிக்கு, குளியலறைக் கதவுக்கு அடியால் தண்ணீர் வந்தது. அவசரத்தில் தள்ளிவிட்ட துவாய் போய்த் தண்ணீர் போகிற ஓட்டையில் இருந்திருக்கவேண்டும். அறைக் கம்பளம் நனைந்து, வெளியே நடையோடைக் கம்பளம் நனைந்து, தண்ணீர் அருமைநாதனின் படத்துக்கு முன்னாலிருந்த குத்துவிளக்கை எட்டிப்பார்த்தது.

யோகராணி கதவில் இடித்தாள். பதில் இல்லை. மயங்கி விழுந்திருப்பான் என்றாள் வினுஷா, அம்புலன்சுக்கு அடிக்கப் போனைக் கையில் எடுத்தபடி. ஈஸ்வரமூர்த்தி ஏவப்பட்டுப் போய், கார்ச் சில்லு கழற்றுகிற கம்பியோடு வந்தார். அதைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, என்ன காரணமோ, ஒருமுறை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறியள்? உடையுங்கோ" என்றாள் யோகராணி.

"உடைக்காதையுங்கோ. அவன் உள்ளுக்கு இல்லை."

எல்லாரும் திரும்பினார்கள். பதினொரு நாளில் சத்தியபாமா உரத்துப் பேசியது அதுதான் முதல்தடவை.

"கிரவுண்டுக்குப் போயிட்டான். நான்தான் அனுப்பினனான். முப்பத்தொண்டு முடியுமட்டும் யப்பான்காரன் காத்துக்கொண்டிருக்கமாட்டான் மச்சாள். அவர் கடைசியாச் சொன்னதும் இதைத்தான். நாலு வருசம் இல்லை, சாகுமட்டும் நீங்கள் என்னோடை கதைக்கவேண்டாம். அவனை மட்டும் கூப்பிடாதையுங்கோ."

யோகராணி கதவை விட்டு விலகினாள். கணுக்கால்வரை நனைந்த சீலையோடு தண்ணீருக்குள் நின்று அவளையே பார்த்தாள். பிறகு புருசனின் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

சத்தியபாமா முந்திக்கொண்டு ஓடி, இரண்டு கையையும் விரித்து வாசல் நிலையை மறித்து நின்றாள். மைதானம் இருபது நிமிடத் தூரம்.

"விலத்தும் பாமா."

"விலத்தமாட்டன்."

ஈஸ்வரமூர்த்தி கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும் யோகம், தேவாரத்துக்குச் சனம் வந்தால் வினுஷா பார்ப்பாள். சீலையை மாத்திப்போட்டு இவவையும் ஏத்திக்கொண்டு ஆறுதலாப் போவம். ஆறு வருசமா இவவுக்கும் சொல்லாமல் நீரும் உம்மடை தம்பியும் முதல் பந்துக்கே ஓடிப்போய்க் கதிரை பிடிச்சு என்னத்தைக் கண்டனீங்கள்? எட்டாவது இன்னிங்ஸுக்கு முந்தி ஒருநாளும் அவனை இறக்கமாட்டினம்."